மிதக்கப் பார்த்த புகையிரத நிலையம்

தரைக்குக் கீழே ஐந்து மாடி ஆழத்திலுள்ள ஒரு புகையிரத நிலையம் மேலே மிதந்து வருமா? டோக்கியோ நிலையத்தில், அன்றாடம் வேலைக்குப் போவோருக்காக 1972இல் திறக்கப்பட்ட சோபு பாதையின் நிலக்கீழ் மேடைகளுக்கு அந்த ஆபத்து வந்தது.

அவற்றைக் கட்டிய காலத்தில் நிலத்தடி நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருந்தது. தொழிற்சாலைகள் பல்லாண்டுகளாக நீரை இறைத்ததன் விளைவு அது. நகரின் நிலமே அமிழத் தொடங்கியதால் சட்டம் போட்டு இறைப்பைக் கட்டுப்படுத்தினார்கள். நீர் மெல்ல மெல்ல மேலேறி நிலையத்தைச் சூழ்ந்தது. நல்ல சட்டமொன்று இப்படியும் ஒரு தலையிடியைக் கொண்டுவரும் என்று யார்தான் நினைத்திருப்பார்கள்?

ஆக்கிமிடீசின் தத்துவத்தை நாம் முகவை நீரில் இரும்புத் துண்டைத் தொங்கவிட்டுப் படிக்கிறோம். இங்கே நீரில் அமிழ்ந்திருப்பது ஒரு நிலையம். அதனுள்ளே பெரும்பகுதி வெறும் காற்று. ஆகவே நீரின் மேலுதைப்பு அதன் நிறையை வெல்லப் பார்த்தது. பொறியியலாளர்கள் அடித்தளத்தைத் துளைத்து, நூற்றுக்கும் மேற்பட்ட நங்கூரங்களால் அதைக் கீழேயுள்ள உறுதியான படையோடு பிணைத்தனர். கப்பலுக்குத்தான் நங்கூரம் என்றிருந்தேன்!

சுரங்கத்துள் கசியும் நீருக்கும் ஒரு வழி பிறந்தது. 2002 முதல் அதைக் குழாய்வழியே பல கிலோமீற்றர் கொண்டுபோய், நாற்றமெடுத்துக் கிடந்த தாச்சியாய் ஆற்றில் விடுகிறார்கள். அடுத்த வருடம் அந்த ஆற்றுக்குள் மடவை மீன்கள் கூட்டங்கூட்டமாக ஏறிவந்தன.