வாவியைக் கடக்க வேண்டிய எண்கள்

படுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து அபாய நிலையிலுள்ள நோயாளி ஒருவர் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்பப்படும்போது, அவருடன் முந்திய ஆறு மணித்தியாலங்களில் அவரது உடலில் நிகழ்ந்தவை பற்றிய தகவலும் வாவியைக் கடந்து வரவேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதோடு நோயாளியின் பயணம் இலகுவாயிற்று. தகவலின் பயணம் பற்றியே இங்கு பேச விழைகின்றோம்.

ஓர் உதாரணம். இரவு பத்து மணிக்கு நோயாளி நிமிடத்துக்கு 18 தடவை சுவாசிக்கிறார்; நள்ளிரவில் 22; இரண்டு மணிக்கு 26. குருதி அமுக்கமோ 110இல் அசையாது நிற்கிறது. கடைசி அமுக்கத்தை மட்டும் பார்க்கும் வைத்தியர் நிம்மதியடைவார். மூன்று அளவீடுகளையும் ஒரே தாளில் கோடாக வரைந்து வைத்தால், களைத்துப்போன கண்ணுக்கும் ஆபத்து புலப்படும். இலண்டன் மருத்துவர்களின் றோயல் கல்லூரி 2012இல் வெளியிட்ட விடுதிகளுக்கான முன்னெச்சரிக்கை அட்டவணை இதனையே செய்கிறது. சுவாசம் 25ஐ எட்டினால் அதற்கு மட்டும் மூன்று புள்ளி. வைத்தியர் உடன் வந்து பார்த்தாக வேண்டும். மொத்தம் ஏழைத் தொட்டால் அது அவசர நிலை.

தீவிர சிகிச்சைப் பிரிவினுள் கணக்கு சிக்கலானது. 1985இல் அமெரிக்காவில் உருவான அப்பாச்சே 2 என்னும் அளவுகோலுக்கு நாடிக்குருதி வாயுப் பரிசோதனை தேவை. பரிசோதனை செய்யப்படாவிடின் அதனை வழமையான அளவென்றே கொள்வது நடைமுறை. விளைவு விசித்திரமானது: வசதி குறைந்த வைத்தியசாலையில் நோயாளி, தாளிலே, உண்மையில் இருப்பதைவிடச் சுகமாகத் தோன்றுவார்! எளிதிற் கிடைக்கும் அளவீடுகளைக் கொண்டே தெற்காசியாவுக்கு ஏற்ற அளவுகோலொன்றை இலங்கை ஆய்வாளரும் இணைந்து 2017இல் முன்வைத்தமை இதனாலேயே.

எந்த அளவுகோலாயினும் ஓர் எல்லை உண்டு. 'நூற்றுக்கு நாற்பது ஆபத்து' என்பது அதே நிலையிலுள்ள நூறு பேரைப் பற்றிய கூற்று. கதவுக்கு வெளியே காத்திருக்கும் தாயிடம் அதனை அவரது மகனின் விதியாகச் சொல்வது தவறு; கட்டில் யாருக்கு என்பதை அந்த எண்ணைக் கொண்டு மட்டும் தீர்ப்பதும் தவறு.

இதற்குக் கணினி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனை, களுவாஞ்சிக்குடி ஆகிய வைத்தியசாலைகள் யாவும் ஒரே வடிவிலான அவதானிப்புத் தாளைப் பேணி, இடமாற்றக் கடிதத்துடன் அதன் போட்டோப் பிரதியையும் இணைத்து அனுப்பினாற் போதும். சுகாதாரப் பணிமனை ஒரு சுற்றறிக்கையால் செய்யக்கூடிய காரியம் இது.