கதவோடு சேர்ந்து சுருங்கும் எழுத்து

கட்டட வரைபடங்களின் ஓரத்தில் பெரும்பாலும் ஒரு குறிப்பு இருக்கும்: எழுதியுள்ள அளவுகளையே பின்பற்ற வேண்டும், தாளில் ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது. அதற்குக் காரணம் உண்டு. தாள் ஈரத்தில் நீளும், ஜெராக்ஸ் எடுத்தால் சுருங்கும். கோட்டின் நீளத்தை நம்ப முடியாது, எண்ணை நம்பலாம். ஆகவே கதவுக்கு எவ்வளவு இடம் விடுவது, சன்னல் எந்த மட்டத்தில் தொடங்குவது, லிண்டல் எங்கே வருவது என்பதையெல்லாம் மேஸ்திரி எழுத்தைப் படித்தே முடிவுசெய்கிறார். அந்த எழுத்தே அரை மில்லிமீட்டர் உயரத்தில் கரும்புள்ளியாக அச்சாகி வந்தால், கையில் வரைபடம் இருந்தும் பயனில்லை.

வரைந்தவரின் கவனக்குறைவு என்று சொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது. கணினியில் கட்டடம் வரையும் முறையின் அடித்தளத்திலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது.

கையால் வரைந்த காலத்தில் இது எழவே இல்லை. டிராயிங் போர்டில் டிரேசிங் ஷீட்டை ஒட்டி, ஸ்டென்சில் வைத்து எழுதிய டிராஃப்ட்ஸ்மேன் தாளின் மேல் நேரடியாக எழுதினார். 2.5 மி.மீ. ஸ்டென்சிலை எடுத்தால் எழுத்து 2.5 மி.மீ.தான், படம் 1:100 ஆனாலும் 1:20 ஆனாலும் அது மாறாது. கதவு, வாஷ்பேசின், கழிப்பறைக் கோப்பை போன்றவற்றை வரைய உதவும் பிளாஸ்டிக் டெம்ப்ளேட்டுகளோ ஒவ்வொரு விகிதத்துக்கும் தனித்தனி. பொருளின் அளவு வேறு, எழுத்தின் அளவு வேறு என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லாமல் கருவிகளே அவற்றைப் பிரித்து வைத்திருந்தன.

எழுத்து உயரத்துக்கு உலகத் தரமும் உண்டு. ஐஎஸ்ஓ 3098 வகுத்துள்ள உயரங்கள் 1.8, 2.5, 3.5, 5, 7, 10, 14, 20 மி.மீ. ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. ஏ4, ஏ3, ஏ2, ஏ1 என்று தாள்களின் நீளமும் அகலமும் பெரிதாகும் விகிதமும் இதுதான். ஏ2 தாளில் 3.5 மி.மீ. இருந்த எழுத்து ஏ3 தாளுக்குச் சுருக்கினால் 2.5 மி.மீ. ஆகும், தர வரிசையின் அடுத்த படியில் சரியாக வந்து உட்காரும். யோசித்துச் செய்த அருமையான ஏற்பாடு.

1982 டிசம்பரில் ஆட்டோகேட் விற்பனைக்கு வந்தது. அதிலும் அதைப் போன்ற மென்பொருள்களிலும் கட்டடத்தை அதன் முழு அளவில் வரைவதே வழக்கம். 900 மி.மீ. கதவைக் கணினியிலும் 900 மி.மீ. என்றே வரைவார்கள். அச்சிடும்போது படம் முழுவதும் நூறில் ஒரு பங்காகவோ ஐம்பதில் ஒரு பங்காகவோ சுருங்கும். கோடுகளுக்கு இது பெரிய வசதி. எழுத்துக்கு அப்படியல்ல. 1:100 படத்தில் தாளில் 2.5 மி.மீ. எழுத்து வர வேண்டுமென்றால் கணினியில் அதை 250 மி.மீ. உயரத்துக்கு எழுத வேண்டும். ஒன்பது அங்குலச் சுவரின் தடிமனைவிடப் பெரிய எழுத்து! அதுவே 1:50 படத்தில் 125 மி.மீ., 1:20 படத்தில் 50 மி.மீ. அமெரிக்காவில் ஓர் அடிக்கு எட்டில் ஓர் அங்குலம் என்ற விகிதம் பரவலானது; கணக்கிட்டால் அது 1:96. அங்கே தாளில் 3/32 அங்குல எழுத்து வேண்டுமென்றால் கணினியில் 9 அங்குலம்.

இந்தக் கணக்கு ஒரு படத்துக்குச் சரி. ஒரே வீட்டின் தரைத்தளப் படம் 1:100 ஆகவும், அதன் குளியலறை விவரம் 1:20 ஆகவும் வரும்போது தொல்லை தொடங்குகிறது. தரைத்தளத்துக்காக 250 மி.மீ. உயரத்தில் எழுதியது, குளியலறைப் படத்தில் 12.5 மி.மீ. ஆகப் பூதாகரமாக அச்சாகும். விவரப் படத்துக்காக 50 மி.மீ. உயரத்தில் எழுதியது, தரைத்தளத் தாளில் அரை மி.மீ. ஆகிவிடும். மேஸ்திரி கைக்கு வரும் கரும்புள்ளி பிறப்பது இப்படித்தான்.

இந்த இடத்தில்தான் பிளாக் உள்ளே வருகிறது. கதவு, சன்னல், நாற்காலி, மின்சாக்கெட், வடக்குக் குறி என்று திரும்பத் திரும்ப வருபவற்றை ஒருமுறை வரைந்து பெயரிட்டு வைத்துக்கொண்டு, ரப்பர் ஸ்டாம்பு குத்துவதுபோல வேண்டிய இடத்திலெல்லாம் பதிப்பதற்குப் பெயர் பிளாக். கணினி வரைகலையின் வயதே இந்த யோசனைக்கும் வயது. 1963-ல் எம்ஐடியில் ஐவன் சதர்லாண்ட் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக உருவாக்கிய ஸ்கெட்ச்பேடிலேயே மூலப்படம், அதன் பிரதிகள் என்ற ஏற்பாடு இருந்தது. மூலத்தைத் திருத்தினால் பிரதிகள் அனைத்தும் திருந்தும். பிரதியைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், திருப்பலாம். இத்தனை வசதியும் வடிவங்களுக்குத்தான். பிளாக்குக்குள் எழுத்து இருந்தால் அதுவும் கூடவே இழுபடும்.

900 மி.மீ. கதவுக்காக வரைந்த பிளாக் ஒன்று. அதற்குள் டி1 என்ற எழுத்து. குளியலறைக்கு 750 மி.மீ. கதவு வேண்டும். புதிதாக வரைய நேரமில்லாமல் அதே பிளாக்கை 0.833 மடங்காகச் சுருக்குகிறார்கள். கதவு சரியாகப் பொருந்திவிடும், 2.5 மி.மீ. எழுத்தோ 2.08 ஆகிவிடும். 1200 மி.மீ. சன்னலை 1800 ஆக்க, நீளவாக்கில் மட்டும் ஒன்றரை மடங்கு இழுத்தால் எழுத்தும் அகன்று பருத்துப்போகும். இப்படிப் பத்து இடத்தில் செய்த தாளை எடுத்துப் பார்த்தால், பத்துப் பேர் பத்துப் பேனாவால் எழுதியதுபோல இருக்கும்.

அடுக்குமாடிக் கட்டடங்களில் இன்னொன்றும் நடக்கும். இடப்பக்க வீட்டை வரைந்துவிட்டு, அதைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி வலப்பக்க வீடாக்குவது வழக்கம். எழுத்து இடவலம் மாறித் திரும்பிவிடாமல் இருக்க ஆட்டோகேட்டில் மிர்டெக்ஸ்ட் என்ற அமைப்பு உண்டு. அதைப் பூச்சியத்தில் வைத்தால் போதும் என்று பலரும் நம்புகிறார்கள். தனியாக எழுதிய எழுத்துக்கு அது போதும். பிளாக்குக்குள் சாதாரண எழுத்தாக எழுதி வைத்தது, மிர்டெக்ஸ்ட் எப்படி இருந்தாலும் திரும்பிவிடும். வலப்பக்க வீடு முழுக்க எழுத்துகள் கண்ணாடியில் பார்த்ததுபோல வருவதற்கு இதுவே காரணம்.

அலகுக் குழப்பமும் சேர்ந்துகொண்டால் நிலைமை இன்னும் மோசம். நம் ஊரில் வீட்டுக்காரர் அடியில் பேசுவார், ஆர்க்கிடெக்ட் மில்லிமீட்டரில் வரைவார், நிலப் பத்திரத்தில் சென்ட் இருக்கும். இணையத்திலிருந்து இறக்கிய நாற்காலி பிளாக் அங்குலத்தில் இருக்கும். அலகு குறிக்கப்படாத கோப்புகளுக்கிடையே பிளாக்கை மாற்றும்போது மென்பொருள் எண்ணை மட்டுமே பார்க்கும். மில்லிமீட்டரில் வரைந்த 900 கதவு, அங்குலப் படத்தில் 900 அங்குலமாக, அதாவது 75 அடிக் கதவாக வந்து நிற்கும். அதைக் கண்ணளவில் சுருக்கிப் பொருத்துகிறார்கள். கதவு ஒருவழியாகச் சரியாகும். உள்ளே இருக்கும் எழுத்தின் உயரம் என்ன ஆனது என்று அந்த அவசரத்தில் யார் பார்ப்பார்கள்?

மென்பொருள் நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. 1990-ல் ஆட்டோகேட்டின் 11-வது பதிப்பு, தாளுக்கென்று தனி வெளியைக் கொண்டுவந்தது. கட்டடத்தை முழு அளவில் ஓரிடத்திலும், தலைப்பையும் குறிப்புகளையும் தாளின் உண்மை அளவில் இன்னோரிடத்திலும் வைக்கலாம். ஒருவகையில் இது பழைய ஸ்டென்சில் காலத்தின் பிரிவினை மீண்டும் வந்ததுதான். ஆட்டோகேட் 2006-ல் டைனமிக் பிளாக் வந்தது. கதவின் அகலத்தை மட்டும் 900-லிருந்து 750-க்கு மாற்றலாம். எழுத்து அப்படியே இருக்கும். ஆட்டோகேட் 2008-ல் வந்தது அனோடேட்டிவ் என்ற பண்பு. எழுத்து தாளில் எத்தனை மில்லிமீட்டர் வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டால், ஒவ்வொரு விகிதத்துக்கும் தேவையான உயரத்தை மென்பொருளே கணக்கிட்டுக்கொள்ளும்.

இவற்றில் அனோடேட்டிவ்தான் முறையான தீர்வு. ஆனால் அரைகுறையாகப் புரிந்துகொண்டு பயன்படுத்தினால் பழைய நோயைவிடக் கடுமையான நோய். ஒரு பிளாக் முழுவதையும் அனோடேட்டிவ் ஆக்கினால் அதிலுள்ள எல்லாமே தாளின் அளவுக்குக் கட்டுப்படும். வடக்குக் குறி, வெட்டுமுகக் குறி, அறைப் பெயர்ப் பட்டை போன்றவற்றுக்கு அது சரி, அவை தாளுக்கு உரியவை. கதவையோ கட்டிலையோ அப்படி மாற்றினால், விகிதம் மாறும்போதெல்லாம் கட்டிலும் வளர்ந்து சுருங்கும். கட்டிலைச் சாதாரண பிளாக்காகவே வைத்துக்கொண்டு அதற்குள் எழுத்தை மட்டும் அனோடேட்டிவ் ஆக்கியிருந்தால், அந்த பிளாக்கைக் கையால் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ கூடாது என்று ஆட்டோகேட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க்கின் கையேடே சொல்கிறது. அதைப் படிப்பவர்கள் குறைவு.

மற்ற மென்பொருள்களிலும் இதே கேள்விக்குத் தத்தம் வழியில் விடை தேடியிருக்கிறார்கள். ரெவிட்டில் டேக் எனப்படும் குறிப்புப் பட்டைகள் பார்வையின் விகிதத்துக்கேற்பத் தாமே சரிசெய்துகொள்ளும். கட்டடத்தின் பகுதியாக எழுதிய மாடல் டெக்ஸ்ட் அப்படிச் செய்யாது. புடாபெஸ்டில் பிறந்த ஆர்க்கிகேட்டில், நிரலாக எழுதும் பொருள்களுக்குள் வரும் எழுத்தின் உயரம் தாளின் மில்லிமீட்டராகவே புரிந்துகொள்ளப்படும். அதனால் அங்கே சிக்கல் எதிர்த்திசையில் வரும்: கட்டடத்தோடு சேர்ந்து சுருங்க வேண்டிய எழுத்து, பெயர்ப்பலகையில் இருப்பது போன்றது, சுருங்காமல் நிற்கும். பொருளின் நிரலை எழுதுபவர் படத்தின் விகிதத்தால் வகுத்து அதைச் சரிசெய்ய வேண்டும்.

தமிழில் எழுதுவோருக்குக் கூடுதலாக ஒரு கவலை. தர அளவுகள் எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்தை வைத்து வகுக்கப்பட்டவை. தமிழுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை. 2.5 மி.மீ. என்று கொடுத்தால் தமிழ் எழுத்துரு அந்த உயரத்தில் வரும் என்று நம்ப முடியாது. எழுத்துருவுக்கு எழுத்துரு அது மாறும். ணூ, ஞீ போன்றவற்றின் சுழிகள் சிறிய அளவில் அச்சானால் மை நிறைந்து அடைபட்டுவிடும். ஆகவே தமிழில் குறிப்பு எழுதும் அலுவலகம், 3.5 மி.மீ.யிலிருந்து தொடங்குவது நல்லது.

இத்தனையும் சரியாகச் செய்த பிறகும் கடைசி அடி தாளில் விழலாம். ஏ1 தாளுக்காக வரைந்த படத்தைப் பிளாட்டரில் எடுக்கச் செலவாகும் என்று, பக்கத்துக் கடையில் ஏ3 பிரின்ட் எடுத்து சைட்டுக்கு அனுப்புவது சாதாரணம். நீளமும் அகலமும் சரிபாதியாகின்றன. 2.5 மி.மீ. எழுத்து 1.25 மி.மீ. ஆகிறது, ஐஎஸ்ஓ வரிசையின் மிகச் சிறிய படிக்கும் கீழே. ஓரத்தில் 1:100 என்று எழுதியிருந்தாலும் அந்தத் தாளின் உண்மை விகிதம் 1:200. சைட்டில் பிரின்ட் ஏ3-யில்தான் போகும் என்று தெரிந்தால், ஏ1 படத்தின் எழுத்தை முதலிலேயே 5 மி.மீ. ஆக வைக்க வேண்டும். எந்தத் தாளில், எந்த விகிதத்தில் போகப்போகிறது என்பதை முதல் கோடு வரையும் முன்பே முடிவுசெய்வது டிராயிங் அலுவலகத்தின் பொறுப்பு. பிளாக்குக்குள் எழுத்தை அடைக்காமல் டேக்காகத் தனியே வைப்பதும் அவர்களுடைய பொறுப்புதான்.

வீடு கட்டுகிறவர்களும் ஒன்று செய்யலாம். வேலை தொடங்கும் முன், சைட்டுக்குப் போகும் அதே தாளை வாங்கி, அதிலுள்ள மிகச் சிறிய எழுத்தின் உயரத்தை ஒரு ஸ்கேலால் அளந்து பாருங்கள். 1.8 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் அந்தப் பிரின்டைத் திருப்பிக் கொடுத்து, படிக்கும்படியான வேறொன்றைக் கேளுங்கள்.