சூடேறியதும் நின்றுபோகும் ஆயில் எஞ்சின்: குறையைக் கண்டறிவது எப்படி?

காலையில் ஹேண்டிலை இரண்டு சுற்றுச் சுற்றியதும் எஞ்சின் கிளம்பிவிடுகிறது. முக்கால் மணி நேரம் நன்றாகத் தண்ணீர் இறைக்கிறது. பாதி வயல் நனைந்த நிலையில் ஓசை தளர்ந்து, தானாகவே நின்றுவிடுகிறது. உடனே சுற்றினால் கிளம்புவதில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் மீண்டும் ஓடுகிறது, மீண்டும் நிற்கிறது. நெல் பால் பிடிக்கும் பருவத்தில் இப்படி நேர்ந்தால் பதர் மிகுந்து விளைச்சல் குறையும்.

சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய எஞ்சின் ஒன்றைப் பார்க்க ஒரு தோட்டத்துக்குச் சென்றிருந்தேன். அந்த விவசாயி ஏற்கெனவே நாஸிலை மாற்றி, பியூயல் பம்பைக் கழற்றிப் பழுது பார்த்து, பிஸ்டன் ரிங்குகளையும் புதிதாகப் போட்டிருந்தார். செலவு ஆனதே தவிர, எஞ்சின் நிற்பது நிற்கவில்லை. குறை டீசல் டாங்கின் மூடியில் இருந்தது! பழைய மூடி தொலைந்ததால் வேறொரு மூடியை இறுகப் பொருத்தியிருந்தார்கள். அதில் காற்றுத் துளை இல்லை. மூடியைக் கழற்றிச் சிறிய துளை இட்டதும் எஞ்சின் அன்று மாலை வரை நிற்காமல் ஓடியது.

இதில் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல முடியாது. அவர் மறுநாள் வந்து பார்க்கும்போது எஞ்சின் ஆறியிருக்கும். எந்தக் குறையும் தெரியாது. ஊகித்துத்தான் பாகங்களை மாற்றுவார். எஞ்சின் நின்ற முதல் ஐந்து நிமிடங்களில்தான் உண்மை தெரியும். அப்போது அருகில் இருப்பவர் விவசாயி ஒருவரே. எனவே ஹேண்டிலைத் திரும்பத் திரும்பச் சுற்றி ஓய்ந்துபோவதற்கு முன் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

முதலில் புகையும் ஹேண்டிலும்

நிற்பதற்கு முன் கரும்புகை தள்ளித் திணறியதா? அப்படியானால் எஞ்சின் மீது சுமை கூடியிருக்கிறது, அல்லது உள்ளே ஏதோ இறுகுகிறது. புகை ஏதுமின்றி விளக்கு அணைவதுபோல் மெல்ல அடங்கியதா? அப்படியானால் டீசல் போதவில்லை என்று ஐயுறலாம்.

அடுத்து, லீவரைத் தூக்கிவிட்டு ஹேண்டிலை மெதுவாகச் சுற்றுங்கள். வழக்கத்தைவிடக் கனமாக இருந்தால் எஞ்சினோ பம்போ இறுகியிருக்கிறது. லேசாகச் சுற்றினால், லீவரை இறக்கி மறுபடியும் சுற்றிப் பாருங்கள். கம்ப்ரஷன் நன்கு எதிர்த்துத் தள்ளினால் டீசல் வழியை ஆராய வேண்டும். எதிர்ப்பே இல்லாவிட்டால் வால்வைச் சந்தேகிக்க வேண்டும்.

டீசல் வரத்து

பியூயல் பம்புக்கு டீசல் கொண்டுவரும் குழாயை, பம்பின் அருகில் தளர்த்திப் பாருங்கள். டீசல் கம்பிபோல் தடையின்றி ஒழுக வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால், குழாயை அப்படியே வைத்துக்கொண்டு டாங்க் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். திறந்ததும் ஒழுக்கு வேகமானால் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. டீசல் செலவாகச் செலவாக டாங்கினுள் அதன் இடத்தை நிரப்பக் காற்று வர வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி டீசலைக் கீழே விடாது. எஞ்சின் நின்ற பிறகு இடுக்கு வழியே காற்று கசிந்து உள்ளே செல்வதால்தான் அரை மணி கழித்து மீண்டும் ஓடுகிறது. சூடு ஆறியதால் ஓடுகிறது என்று நாம் தவறாக எண்ணிக்கொள்கிறோம்.

மூடியைத் திறந்தும் ஒழுக்கு கூடாவிட்டால் பில்டரோ, டாங்கின் வாயோ அடைத்திருக்கும். டாங்கின் அடியில் தங்கும் தூசி, எஞ்சின் ஓடும்போது வாயில் வந்து அடைத்து, நின்றதும் விலகுவதும் உண்டு. டாங்கைக் கழுவிப் பில்டரை மாற்றுங்கள். குழாயை மீண்டும் இறுக்கியபின் ஏர் எடுத்துவிட மறக்க வேண்டாம்.

பியூயல் பம்பு

மலைப்பாதையில் பழைய அம்பாசடர் கார் நின்றுபோனால், ஓட்டுநர் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சூட்டில் பெட்ரோல் வழியிலேயே ஆவியாகித் தடுத்துவிடும், ஆறினால் சரியாகும். டீசல் அவ்வளவு எளிதில் ஆவியாகாது. ஆனால் சூட்டில் நீர்த்துவிடும். பியூயல் பம்பின் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். இது தேய்ந்துவிட்டால், நீர்த்த டீசல் இடுக்கு வழியே நழுவிவிடும். நாஸிலைத் திறப்பதற்கு வேண்டிய, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ அழுத்தம் உண்டாகாது.

இதை அறிய அதே ஈரத்துணி உதவும். நின்ற எஞ்சினில் பியூயல் பம்பின்மேல் மட்டும் ஈரத்துணியைச் சுற்றிப் பத்து நிமிடம் பொறுங்கள். எஞ்சின் இன்னும் சூடாக இருக்கும்போதே கிளம்பிவிட்டால் பிளஞ்சர் தேய்ந்திருக்கக் கூடும். பிளஞ்சரையும் பேரலையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஓடும் எஞ்சினில் பம்பின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது. பிளஞ்சர் இறுகிப் பிடித்துவிடும்.

இறுகும் எஞ்சின்

ஹேண்டில் கனத்தால் முதலில் பம்பின் கிளாண்டைப் பாருங்கள். அங்கிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கசிய வேண்டும். கசிவை அறவே நிறுத்த எண்ணி நட்டை இறுக்கினால் கிளாண்ட் கயிறு ஷாப்டைப் பிடித்து, சூடேறி, எஞ்சினைத் திணறடிக்கும்.

கிளாண்ட் சரியாக இருந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் தடையின்றி ஓடியதா என்று பாருங்கள். அந்தச் சிறு குழாய் மடிந்தோ, சேறு அடைத்தோ இருக்கலாம். உப்புத் தண்ணீர்க் கிணறுகளில் எஞ்சினின் உள்ளே உப்பு படிந்து சூட்டை வெளியேற விடாது. அப்போது பிஸ்டன் விரிந்து லைனரை இறுகப் பிடிக்கும். ஆயில் மட்டம் குறைந்தாலும் இதே நிலைதான். இறுகிய எஞ்சினைப் பலவந்தமாகச் சுற்றாதீர்கள். அவசரப்பட்டுக் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் வெடித்துவிடும், தானாக ஆறவிடுங்கள்.

கம்ப்ரஷன் இல்லாவிட்டால்

டீசல் எஞ்சினில் பிளக் இல்லை. காற்றை ஏறக்குறைய 17 மடங்கு சுருக்கும்போது உண்டாகும் 500 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமே டீசலைப் பற்றவைக்கிறது. டாப்பெட் இடைவெளி குறைவாக இருந்தால், சூட்டில் வால்வுத் தண்டு நீண்டு வால்வு முழுவதும் மூடாது. காற்று நழுவி, வெப்பம் குறைந்து, எஞ்சின் நின்றுவிடும். ஆறியதும் வால்வு மூடிக்கொள்ளும். எஞ்சினுடன் வந்த கையேட்டில் உள்ள அளவுப்படி, பீலர் கேஜ் வைத்து டாப்பெட்டைச் சரிசெய்யச் சொல்லுங்கள். பெரும்பாலும் இதற்குப் புதிய பாகம் எதுவும் தேவைப்படாது.

ஓர் எச்சரிக்கை: நாஸிலிலிருந்து பீச்சும் டீசலுக்கு நேரே கையை நீட்டாதீர்கள். அது தோலைத் துளைத்து உள்ளே சென்று, விரலையே இழக்கச் செய்யக் கூடும்.

மெக்கானிக்கை அழைக்கும்போது "எஞ்சின் நிற்கிறது" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை நிமிடம் ஓடியது, புகை எப்படி இருந்தது, ஹேண்டில் கனத்ததா, குழாயில் டீசல் எப்படி வந்தது என்ற நான்கையும் குறித்துவைத்துச் சொல்லுங்கள். வேண்டாத பாகத்தை மாற்றும் செலவு குறையும். பயிருக்கும் காலத்தில் தண்ணீர் கிடைக்கும்.