தக்காளிக்கும் வெண்டைக்காய்க்கும் ஒரே எண்

போன ஞாயிற்றுக்கிழமை காலை காய் வாங்க மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்குக் கிளம்பினேன். அக்கா மகளும் கூடவே வந்தாள். ஆறாம் வகுப்பு. கையில் என் பழைய போன்.

"மாமா, இன்னிக்கு நான் தெருவைப் படம் எடுக்கப் போறேன். எல்லாமே கறுப்பு வெள்ளை. அப்பத்தான் பெரிய போட்டோகிராபர் எடுத்த மாதிரி இருக்கும்."

நடைபாதையில் கோணி விரித்துக் காய் விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் போய், "ஒரு படம் எடுத்துக்கட்டுமா பாட்டி?" என்று கேட்டாள். "எடு கண்ணு. காயையும் சேர்த்து எடு" என்று பாட்டி முந்தானையைச் சரிசெய்துகொண்டார். அவர் முன்னால் தக்காளி ஒரு குவியல், அதை ஒட்டி வெண்டைக்காய் ஒரு குவியல். சிவப்பும் பச்சையும் கண்ணைப் பறித்தன.

படத்தைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது. இரண்டு குவியலும் ஒரே சாம்பல் மேடாகத் தெரிந்தன. பாட்டியும் எட்டிப் பார்த்தார். "என்ன கண்ணு இது, என் தக்காளியெல்லாம் அழுகிப்போன மாதிரி இருக்கு! இதைப் பார்த்தா யாரு வாங்குவா?"

நேரில் பார்த்தால் தக்காளிக்கும் வெண்டைக்கும் அவ்வளவு வித்தியாசம். படத்தில் எங்கே போயிற்று அது? கொஞ்சம் கணக்குப் போட்டால் பிடிபட்டுவிடும். பயப்படாதீர்கள், பெருக்கலும் கூட்டலும்தான்.

போனில் இருக்கும் கலர்ப் படம் லட்சக்கணக்கான புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள்: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும். நிழலில் இருக்கும் ஒரு தக்காளிப் புள்ளிக்குச் சிவப்பு 200, பச்சை 40, நீலம் 30 என்று வைத்துக்கொள்வோம். வெண்டைக்காய்ப் புள்ளிக்குச் சிவப்பு 70, பச்சை 105, நீலம் 40.

கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது மூன்று எண்ணையும் ஒரே எண்ணாகச் சுருக்க வேண்டும். சிவப்பில் 30 சதவீதம், பச்சையில் 59 சதவீதம், நீலத்தில் 11 சதவீதம் எடுத்துக் கூட்டுவது வழக்கமான கணக்கு. ஆப்புக்கு ஆப்பு கொஞ்சம் மாறும். தக்காளிக்கு 60, 23.6, 3.3. கூட்டினால் 86.9. வெண்டைக்கு 21, 61.95, 4.4. கூட்டினால் 87.35. இரண்டையும் முழு எண்ணாக்கினால் 87, 87!

பாட்டியின் தக்காளி காணாமல் போன கதை இதுதான். நிறத்தில் எதிரும் புதிருமாக இருந்தவை, வெளிச்சத்தில் சரிசமமாக இருந்தன. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும்.

"பச்சைக்கு மட்டும் ஏன் மாமா அவ்வளவு சலுகை?" என்று கேட்டாள். நம் கண்ணே அப்படித்தான். பகல் வெளிச்சத்தில் மஞ்சள் கலந்த பச்சையைத்தான் அது மிக நன்றாக உணரும். நீலம் அதற்கு மங்கல்தான். கேமரா செய்பவர்களும் இதற்கு ஏற்றபடியே செய்கிறார்கள். கேமராவுக்குள் வெளிச்சத்தைப் பிடிக்கும் சில்லின் மேல் குட்டிக் குட்டி நிறக் கண்ணாடிகள் பதித்தது போல ஒரு வடிகட்டி இருக்கும். நான்கு கட்டம் எடுத்தால் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் இதை வடிவமைத்தார். 1976இல் காப்புரிமை கிடைத்தது. உங்கள் வீட்டுப் போனிலும் பெரும்பாலும் இந்த ஏற்பாடுதான்.

ஆரம்ப காலத்துக் கறுப்பு வெள்ளைப் பிலிம் இன்னும் மோசம். அதற்குச் சிவப்பு தெரியவே தெரியாது. சிவப்புச் சேலை கறுப்பாக விழும், நீல வானம் வெள்ளை வெளேரென்று விழும். சினிமாவில் சிவப்பு விளக்கு எரியும் இருட்டறையில் போட்டோ கழுவுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே போட்டோ பதியும் தாளுக்கும் சிவப்பு வெளிச்சம் உறைக்காது. அதனால்தான் தைரியமாக அந்த விளக்கை எரியவிட்டார்கள்.

அதற்காகப் பழியை எல்லாம் கறுப்பு வெள்ளை மேல் போட்டுவிடாதீர்கள். அதே தெருவில் கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை. மாஸ்டர் கையைத் தலைக்கு மேல் தூக்கி டீ ஆற்றிக்கொண்டிருந்தார். பின்னால் நீலத் தார்ப்பாய், அதன் ஓரத்தில் மஞ்சள் போஸ்டர். அவரிடமும் கேட்டுவிட்டு இவள் கலரில் ஒன்று எடுத்தாள். படத்தில் தார்ப்பாய்தான் முதலில் தெரிந்தது. மாஸ்டரைத் தேட வேண்டியிருந்தது. அதையே கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தாள். "ஐ!" என்றாள்.

நீலத்துக்கு 11 சதவீதம்தானே பங்கு? தார்ப்பாய் இருட்டாகப் பின்னால் ஒதுங்கிவிட்டது. போஸ்டரின் மஞ்சளும் போய் ஓரத்தில் வெறும் வெளிர்சாம்பல் ஆகிவிட்டது. அந்த இருட்டின் மேல் டீயின் ஆவி வெள்ளையாக எழுந்தது, மாஸ்டரின் கைநரம்புகூடத் தெரிந்தது. ஆவிக்கும் நரம்புக்கும் நிறம் முக்கியமில்லை. வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதுதான் முக்கியம்.

பெரிய கலைஞர்களின் படங்களையும் இப்படி உரசிப் பார்க்கலாம். 1932இல் பாரிஸ் நகரின் சேன் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் ஆன்ரி கார்ட்டியே பிரெசோன் ஒரு படம் எடுத்தார். தேங்கிக் கிடக்கும் தண்ணீரைத் தாண்ட ஒருவர் குதிக்கிறார். குதிகால் தண்ணீரைத் தொட இன்னும் ஒரு நூல்தான் பாக்கி. கீழே அவருடைய தலைகீழ் நிழலுருவம். பின்சுவரில் ஒட்டிய போஸ்டரிலும் யாரோ ஒருவர் தாவுகிறார். தண்ணீரைத் தாண்டுபவர் போட்டிருந்த கோட்டு என்ன நிறம்? எனக்கு ஒருநாளும் கேட்கத் தோன்றியதில்லை.

சால் லைட்டர் இதற்கு நேர் எதிர். ஓவியராகத் தொடங்கியவர், நியூயார்க் தெருக்களில் 1940களின் கடைசியிலிருந்தே கலரில் எடுத்தார். காலாவதியான மலிவு பிலிமைக்கூட வாங்கிப் பயன்படுத்தினார். பனி மூடிய தெருவில் ஒரே ஒரு சிவப்புக் குடை போகும். நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: அந்தச் சிவப்பு வெறும் கருஞ்சாம்பலாகிவிடும், படத்தில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. கலர் என்றால் விளம்பரத்துக்கும் வீட்டு ஆல்பத்துக்கும்தான் என்று பல பெரியவர்கள் நினைத்திருந்த காலம் அது. லைட்டரின் கலர்ப் படங்கள் 2006இல் புத்தகமாக வந்த பிறகுதான் பரவலாகப் பேசப்பட்டன. நம் நாட்டில் ஜெய்ப்பூரில் பிறந்த ரகுபீர் சிங், கறுப்பு வெள்ளைப் பார்வை இந்தியாவுக்கு ஒட்டாது என்றே வாதாடினார். பாட்டியின் தக்காளியைப் பார்த்திருந்தால் இன்னும் சத்தமாக வாதாடியிருப்பார்!

நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆனால் சுமாராக வந்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி 'கலைப்படம்' என்று காட்டும் வேலை எனக்குப் பிடிக்காது. நானும் சின்ன வயதில் அதைச் செய்திருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

திரும்பி வரும்போது அவளுக்கு ஒரு சந்தேகம். "அப்போ தக்காளிப் படத்தைத் திரும்பக் கலராக்கிடலாமா மாமா?" முடியாது. அவள் கேமராவையே கறுப்பு வெள்ளைக்கு மாற்றி வைத்துவிட்டு எடுத்தாள். போனில் மிஞ்சியது ஒற்றை 87 மட்டும். அது 200, 40, 30இலிருந்து வந்ததா, 70, 105, 40இலிருந்து வந்ததா என்று அந்த எண்ணைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் நிறம் பூசிக் கொடுக்கும், அது ஊகம்தான். கலரில் எடுத்திருந்தால் இன்னொரு வழியும் இருந்திருக்கும்: சிவப்பு எண்ணை மட்டும் வைத்துக் கறுப்பு வெள்ளையாக்கலாம். அப்போது தக்காளி 200, வெண்டை 70. குவியல்கள் பளிச்சென்று பிரிந்துவிடும். சிவப்பும் தெரிகிற பிலிம் பின்னால் வந்தபோது, லென்சுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடியை மாட்டி இதே தந்திரத்தைச் செய்தார்கள். அதனால் எப்போதும் கலரில் எடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.

நிறம் இப்படிக் காணாமல் போவதைப் போன் இல்லாதவர்களும் பார்க்கலாம். நம் விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் சுமார் 60 லட்சம், மங்கிய ஒளியில் வேலை செய்யும் கோல் செல்கள் சுமார் 12 கோடி. இருட்ட இருட்டக் கூம்புகள் ஓய்ந்து கோல்கள் பொறுப்பேற்கும். கோல்களுக்குச் சிவப்பு அநேகமாகத் தெரியாது. செம்பருத்திப் பூ ஒன்றை அதன் இலையோடு பறித்து, சாயங்காலம் மொட்டைமாடியில் வையுங்கள். விளக்கு எதுவும் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருங்கள். முதலில் கறுப்பது பூவா, இலையா? எத்தனை மணிக்குக் கறுத்தது? குறித்து வையுங்கள்.