அரிட்டாபட்டியில் ராஜாளி பார்க்க

மலையேறிக் காட்டுயிர் பார்க்க வேண்டுமென்றால் மதுரைக்காரர்கள் கொடைக்கானலுக்குத்தான் வண்டியை எடுக்கிறார்கள். ஆனால் மதுரையிலிருந்து மேலூர்ப் பக்கம் ஏறத்தாழ 25 கிலோமீட்டரிலேயே அரிட்டாபட்டி இருக்கிறது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அரசு அறிவித்த இடம் அது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டும் சேர்ந்து சுமார் 193 ஹெக்டேர். ஏழு பாறைக் குன்றுகள். பறவைகள் மட்டும் 250 வகை அளவுக்குப் பதிவாகியிருக்கின்றன.

மொட்டைப் பாறையில் இத்தனை உயிர் எப்படி? மழைநீர் பாறைக்குள் இறங்குவதில்லை. வழிந்தோடி, கொஞ்சம் சுனைகளில் தங்கி, மீதி அடிவாரக் கண்மாய்களை நிரப்புகிறது. கண்மாய் நிறைந்தால் வயல் விளையும். வயல் இருந்தால் எலி, தவளை, புறா எல்லாம் வரும். அவற்றை நம்பி வேட்டைப் பறவைகள் வாழ்கின்றன. ஆள் ஏற முடியாத செங்குத்துப் பாறை அவை கூடு வைக்கத் தோதான இடம். லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, போனெல்லி கழுகு மூன்றும் இங்கே இருப்பது இதனால்தான். ஊர்க்காரர்கள் ராஜாளி என்பது இந்த வகைப் பறவைகளைத்தான்.

பார்ப்பதற்கு முதலில் பாறையைப் படிக்க வேண்டும். செங்குத்தான முகத்தில் சுண்ணாம்பு வழிந்ததுபோல வெள்ளைக் கோடுகள் தெரிந்தால், அது எச்சம். அதற்கு மேலே ஏதோ ஒரு பறவை வழக்கமாக உட்காருகிறது என்று அர்த்தம். விடிந்ததும் போனால் அது உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். வெயில் ஏறிப் பாறை சுடத் தொடங்கியதும், அங்கிருந்து சூடான காற்று மேலே எழும். பெரிய பறவைகள் அதில் ஏறி, இறக்கை அடிக்காமலே வட்டமிட்டு உயரும். ஆகவே ஓடி ஓடித் தேட வேண்டாம். பைனாகுலரோடு ஓரிடத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். புறாக் கூட்டம் திடீரென்று சிதறினால் உடனே வானத்தைப் பாருங்கள்.

தேவாங்கும் அலங்கும் (எறும்புத்தின்னி) இங்கே உண்டு. இரண்டும் இரவில் நடமாடுபவை, கண்ணில் படுவது அபூர்வம். டார்ச் அடித்துத் தேடிப் போகாதீர்கள். இருளில் பார்க்கவே அமைந்த தேவாங்கின் பெரிய கண்களுக்கு அந்த வெளிச்சம் வதை. ஏழு குன்றுகளில் ஒன்றான கழிஞ்சமலையில் சமணர் குகையையும் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டையும், அருகிலுள்ள பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலையும் பார்க்காமல் வராதீர்கள்.

இந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து ஊர் மக்கள் திரண்டு போராடினார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்தது. இன்று நாம் ராஜாளி பார்க்க முடிகிறதென்றால் அந்த மக்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கூடாரம் போட்டுத் தங்க அரிட்டாபட்டி ஏற்ற இடமல்ல. வேறு மலைக்காடுகளில் நடக்க ஆசைப்பட்டால் வனத்துறை அனுமதித்த பாதைகளுக்கு முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்களைப் பலிகொண்டது. கோடையில் பாதைகளை மூடுவது அந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான்.

அரிட்டாபட்டிக்கு உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு போங்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பறவைகள் கூடு வைக்கும் காலம். அப்போது பாறை விளிம்புக்கு ஏறாதீர்கள். கண்மாய்க் கரையிலிருந்தே நன்றாகத் தெரியும்.