மாணவ வைத்தியரின் கையில் கைபேசி

விடுதியில் நோயாளருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மருத்துவ மாணவர் கைபேசியை எடுத்தால் உறவினரின் முகம் மாறிவிடும். "அம்மா நோவிலை துடிக்கிறா, தம்பி ஃபோன் நோண்டிக்கொண்டு நிக்கிறார்" என்று ஒருவர் என்னிடம் முறையிட்டார். அந்தத் தம்பி அப்போது பார்த்தது, சிறுநீரகம் பழுதான அந்த அம்மாவுக்கு மருந்தின் அளவை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை.

நான் வடக்கில் மாணவர்களுக்கு விடுதியில் கற்பிக்கும் வைத்தியர். நாங்கள் படித்த தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் கடதாசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கில் ஒரே புத்தகத்தைப் பலபேர் முறைவைத்துப் படித்தோம். நூலகமே சட்டைப்பைக்குள் வந்துவிட்டதைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

மாணவர்களிடம் கேட்டால், மருந்தளவு பார்க்கவும் அரிய நோயொன்றின் படத்தை ஒப்பிடவும் கைபேசி வேண்டும் என்பார்கள். ஆனால் எடுக்கக் கூச்சம். முகநூல் பார்ப்பதாகப் பெரிய வைத்தியர் நினைப்பார். இவருக்கு ஒன்றும் தெரியாதென்று நோயாளர் நினைப்பார். அதனால் சிலர் ஒளித்துப் பார்க்கிறார்கள். சிலர் பார்க்காமல் ஊகத்தில் விட்டுவிடுகிறார்கள். ஆபத்து இந்த இரண்டாவதில்தான்.

அதற்காகக் கைபேசி சொல்வதெல்லாம் எங்கள் மண்ணுக்குப் பொருந்தும் என்றில்லை. பாம்புக்கடியை எடுங்கள். இங்கே பாவிக்கும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கெனத் தயாரிக்கப்படுவது. இலங்கையில் பலரைக் கடிக்கும், மூக்குநுனி மேல்நோக்கிய குழிவிரியனுக்கு அது உதவாது. ஆனால் அதை ஏற்றினால் கடும் ஒவ்வாமை வரலாம். 'விரியன் கடித்தால் விஷமுறிவு' என்று வெளிநாட்டுத் தளமொன்றில் வாசித்துவிட்டு வரும் மாணவருக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் சுகாதார அமைச்சின் வழிகாட்டிகளும் கைபேசியில் வாசிக்கக் கிடைக்கின்றன. முதலில் அவற்றைத் திறக்க வேண்டும்.

கமராதான் எனக்கு உண்மையான கவலை. ஒருநாள் வயதான அம்மா ஒருவரின் காலில் இருந்த பழைய ஷெல் காயத் தழும்பை மாணவி ஒருவர் கேட்காமலே படம் எடுத்துவிட்டார். படிப்பதற்குத்தான். அந்த அம்மா காலைச் சீலைக்குள் இழுத்துக்கொண்டார். "ஆருக்குப் பிள்ளை இதைக் குடுக்கப்போறாய்?" என்றார். விசாரணைகளையும் பதிவுகளையும் கண்ட சனத்துக்கு இந்தக் கேள்வி இயல்பு. மாணவிக்கு அது விளங்கவில்லை. போர் முடியும்போது அவர் சிறுபிள்ளை. அம்மாவின் கண்முன்னாலேயே படத்தை அழிக்கச் சொன்னேன்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்பு வகைத் தரவாகவே கொள்கிறது. படம் எடுக்க முன் உங்களிடம் கேட்க வேண்டும். "வேண்டாம்" என்று நீங்கள் சொல்லலாம்; அதனால் சிகிச்சையில் ஒரு குறையும் வரக்கூடாது. மருந்தைத் தேடும் மாணவரிடமும் "என்ன பாக்கிறியள்?" என்று தயங்காமல் கேளுங்கள். திரையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டும்படி என் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.