தொண்டு நிறுவனங்களின் கணக்கு யார் கண்ணில் படுகிறது?

நன்கொடை ரசீதின் அடியில் "80ஜி வரிவிலக்கு உண்டு" என்று ஒரு வரி இருந்தால் போதும், நம்மில் பலருக்கு அந்த நிறுவனத்தின் மீது நம்பிக்கை வந்துவிடுகிறது. அரசே சரிபார்த்துச் சான்று கொடுத்த இடம் என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த வரிக்கு அவ்வளவு பொருள் கிடையாது. வருமான வரித் துறை அந்த நிறுவனத்தின் நோக்கத்தையும் ஆவணங்களையும் பார்த்துவிட்டு, அதற்குக் கொடுக்கும் பணத்துக்கு வரிச்சலுகை தரலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. அங்கே இருக்கும் முதியவருக்கு வேளைக்குச் சோறு கிடைக்கிறதா, பிள்ளைகளை அடிக்காமல் வளர்க்கிறார்களா என்பதை அந்த எண் சொல்லாது.

இந்தச் சலுகையில் அரசின் பங்கு எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். ஒருவர் 10,000 ரூபாய் கொடுக்கிறார். பெரும்பாலான நிறுவனங்களுக்கு அதில் பாதி, அதாவது 5,000 ரூபாய், அவருடைய வருமானத்திலிருந்து கழியும். அவர் 30 சதவீத வரம்பில் பழைய முறைப்படி வரி கட்டுபவர் என்றால், கூடுதல் வரிகளைச் சேர்க்காமலே 1,500 ரூபாய் மிச்சம். அது கருவூலத்துக்குப் போயிருக்க வேண்டிய பணம். ஆக, அந்தப் பத்தாயிரத்தில் 1,500 ரூபாயை நாம் எல்லோரும் சேர்ந்து கொடுத்திருக்கிறோம். புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு இந்தக் கழிவு இல்லை; 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் இல்லை. நன்கொடையாளர் தரப்பில் மட்டுமா? நிறுவனமும் தன் வருமானத்துக்கு வரி கட்டுவதில்லை. பதிலுக்கு ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும், ஆடிட்டரிடம் தணிக்கை செய்ய வேண்டும், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஆண்டுதோறும் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 2021-22 நிதியாண்டிலிருந்து, அப்படித் தெரிவித்த பின் துறையின் இணையதளத்திலிருந்து எடுத்துத் தரும் நன்கொடைச் சான்றிதழ் இருந்தால்தான் கொடுத்தவர் கழிவு கேட்க முடியும். கையால் எழுதிய ரசீதை வைத்துக்கொண்டு கழிவு கேட்ட காலம் போய்விட்டது.

பொதுப் பணம் உள்ளே இருக்கும்போது அரசு கணக்குக் கேட்பது நியாயம். அந்தக் கணக்கு யாருக்குப் போகிறது, யாருக்குப் போகாமல் நின்றுவிடுகிறது என்பதுதான் என் கவலை.

பிறப்பது எளிது

தமிழ்நாட்டில் ஒரு தொண்டு நிறுவனம் மூன்று வழிகளில் பிறக்கலாம். டிரஸ்ட் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். ஏழு பேர் சேர்ந்து, 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் சங்கமாகப் பதியலாம். அல்லது 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 8-ஆம் பிரிவின்கீழ் லாபநோக்கற்ற கம்பெனி தொடங்கலாம். அரசுப் பள்ளிகளுக்கு நிதி திரட்ட 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' அமைப்பு இந்த மூன்றாவது வகை.

கம்பெனிக்கு ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் கட்டாயம். யாரும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். சங்கமும் ஆண்டுக் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளரிடம் கொடுத்தாக வேண்டும். அங்கே தவறு நடப்பதாகத் தெரிந்தால்? சங்கச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு பதிவாளருக்கு விசாரிக்கும் அதிகாரம் தருகிறது. அவர் தாமாக முன்வந்து விசாரிக்கலாம். செயற்குழுவில் பெரும்பான்மையினரோ உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினரோ கேட்டாலும் விசாரிக்கலாம். பணம் கொடுத்தவரும், அந்தச் சங்கத்தின் பராமரிப்பில் இருப்பவரும் இந்தப் பட்டியலில் இல்லை.

டிரஸ்டின் நிலை இன்னும் தளர்வு. மகாராஷ்டிரத்தில் 1950-ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைச் சட்டப்படி அறக்கட்டளை ஆணையர் என்று ஓர் அதிகாரி இருக்கிறார். பதிவு, கணக்கு, விசாரணை எல்லாம் அவரிடம். தமிழ்நாட்டில் கோயிலுக்கும் அதன் கட்டளைகளுக்கும் அறநிலையத் துறை இருக்கிறது, வக்ஃபு சொத்துக்கு வாரியம் இருக்கிறது. மதம் சாராத பொது டிரஸ்டுக்கு அப்படிப்பட்ட ஓர் அலுவலகம் கிடையாது. பத்திரத்தைப் பதிந்தவுடன் சார்பதிவாளரின் வேலை முடிந்தது. நம்பிக்கை மோசடி என்று தோன்றினால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவுதான் முக்கியமான உரிமையியல் வழி: அட்வகேட் ஜெனரலோ, அந்த டிரஸ்டில் அக்கறை உள்ள இரண்டு பேரோ நீதிமன்றத்தின் அனுமதியுடன் வழக்குப் போட வேண்டும். காப்பகத்தில் பாட்டியைச் சேர்த்துவிட்டு, கேள்வி கேட்கக்கூடப் பயந்து நிற்கும் ஒரு குடும்பத்தை இந்தப் பிரிவோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

சங்கங்களாவது கணக்குக் கொடுக்கின்றனவா? நாட்டில் சுமார் 31 லட்சம் தன்னார்வ நிறுவனங்கள் பதிவாகியிருப்பதாக 2015-இல் சி.பி.ஐ. உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அவற்றில் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்தவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது.

வெளிநாட்டுப் பணத்தின் மேல் கண்

இத்தனை தளர்வுக்கும் நேர் எதிர், எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல் பிறந்தது. 2010-இல் புதுச் சட்டமாக வந்தது. 2020 செப்டம்பரில் இறுகியது. அந்தத் திருத்தத்தின்படி வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு ரூபாயும் முதலில் புதுதில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. ஒரே கிளை என்ற விதியை 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

கிராமத்தை அதிகம் பாதித்தது வேறொரு விதி. ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது என்றார்கள். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் மாவட்ட நிர்வாகமும் தன்னார்வ அமைப்புகளும் சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையம் நடத்தியதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதன் பொருள் சட்டென்று புரியும். பேரிடர் நேரத்தில் பணம் பெரிய நிறுவனத்துக்கு வரும்; எந்தக் குப்பத்தில் யாருக்கு என்ன வேண்டும் என்பது அங்கேயே வேலை செய்யும் சிறிய அமைப்புக்குத்தான் தெரியும். சொந்தமாக எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு பெறவோ, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதிக் கொடுக்கவோ வசதியில்லாத சிறிய அமைப்புகள் பெரியவர்கள் வழியாகத்தான் நிதி பெற்றன. அந்த வழி கரோனா காலத்தின் நடுவில் அடைபட்டது. பணம் தவறாகப் போகக் கூடாது என்ற அக்கறை எனக்கும் உண்டு. அதற்காகச் சரியான இடத்துக்குப் போகும் பாதையையும் சேர்த்து மூடியிருக்க வேண்டியதில்லை.

இதில் இன்னொன்றும் நடந்தது. வெளிநாட்டு நிதி பெறும் நிறுவனங்களின் ஆண்டுக் கணக்குகளை உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்க முடிந்தது. 2022 ஜூலையில் அவை உள்ளிட்ட பல விவரங்கள் அங்கிருந்து நீக்கப்பட்டன. நிறுவனங்கள் கணக்கு அனுப்புவது தொடர்கிறது. மக்கள் பார்ப்பது நின்றது.

உள்ளே இருப்பவர்கள்

பணத்தைக் கண்காணிக்கும் சட்டங்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். மனிதர்களைக் கண்காணிக்கும் சட்டங்களுக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட இல்லங்களுக்கு உரிமம் வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. சட்டம் இருந்தது, போய்ப் பார்க்க ஆள் இல்லை. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடைசெய்தது.

அதற்குப் பிறகும் 2023 பிப்ரவரியில், விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிய பதிவு இல்லாமல் நடந்த ஓர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை அதிகாரிகள் மீட்டார்கள். அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணவில்லை என்று உறவினர் தரப்பு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. கண்டுபிடித்தது ஆய்வு அதிகாரி இல்லை, தேடி வந்த உறவினர்கள். தேட ஆளில்லாதவர்கள்தான் இத்தகைய இடங்களில் அதிகம் என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, அரசு உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும் எல்லாக் குழந்தைகள் இல்லங்களும் பதிவு செய்தாக வேண்டும். பராமரிப்பு தேவைப்படும் குழந்தை கிடைத்தால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். ஆய்வுக் குழுவில் குறைந்தது மூன்று பேர். அதில் ஒருவர் பெண், ஒருவர் மருத்துவ அலுவலர். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது நேரில் போக வேண்டும். ஒரு ஹோமுக்கு உதவ நினைப்பவர் அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இளைஞர் நீதிச் சட்டப் பதிவுச் சான்று எங்கே, கடைசி ஆய்வு எப்போது? நல்ல இல்லம் இந்தக் கேள்விக்குக் கோபப்படாது.

தன்னார்வலர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். 2021 அக்டோபரில் தமிழகம் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. மாலையில், குழந்தைகள் வசிக்கும் தெருவிலேயே வகுப்பு. பெற்றோரின் கண்பார்வையிலேயே வகுப்பு நடந்தது பெரிய பாதுகாப்பு. அந்தப் பணியில் இருந்த பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்குக் கொடுத்த ஆயிரம் ரூபாயை நான் அதிகம் என்று சொல்ல மாட்டேன்.

பெரிய கம்பெனிகளின் நிதிக்கும், தொண்டு நிறுவனங்கள் நிதி திரட்டும் சமூகப் பங்குச் சந்தைக்கும் தனி விதிகள் வந்துவிட்டன. லாபத்தில் 2 சதவீதத்தை 2014 முதல் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய கம்பெனிகள், 2021-லிருந்து மத்திய அரசிடம் அதற்கெனப் பதிவு செய்த நிறுவனங்களுக்கே கொடுக்க முடியும். இங்கெல்லாம் பெரிய நிறுவனங்கள் பிழைத்துக்கொள்ளும். ஆடிட்டர் கட்டணத்துக்கே திணறும் சிறிய சங்கத்துக்குப் படிவம் நிரப்பக் கற்றுத் தரும் ஓர் அரசு உதவி மையம் மாவட்டத்துக்கு ஒன்றாவது வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அறக்கட்டளை ஆணையத்தின் இணையதளத்தில் எந்த அமைப்பின் பெயரையும் தட்டினால் அறங்காவலர்கள் பெயரும் வரவு செலவும் வரும். ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டினால் முழுக் கணக்கையும் அறிக்கையையும் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். நம்மிடம் இருப்பது தகவல் அறியும் உரிமைச் சட்டம். அரசிடம் கணிசமாக நிதி பெறும் தன்னார்வ நிறுவனங்களும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் மனுப் போட்டு, முப்பது நாள் காத்திருந்துதான் ஒரு ஹோமின் கணக்கைப் பார்க்க வேண்டுமா?

தமிழ்நாட்டின் பதிவுத் துறை இணையதளத்தில் ஒரு மனையின் வில்லங்கச் சான்றை இன்று யாரும் வீட்டிலிருந்தே கட்டணமின்றிப் பார்க்கலாம். டிரஸ்ட் பத்திரத்தையும் சங்கத்தையும் பதிவதும் அதே துறைதான். சங்கங்கள் கொடுக்கும் ஆண்டுக் கணக்கை அந்தத் தளத்திலேயே அரசு ஏற்றட்டும். டிரஸ்டுகளும் ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவரட்டும். பணம் கொடுப்பவரோ, அம்மாவைச் சேர்க்க இடம் தேடும் மகளோ, ஊரின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் தட்டினால் மூன்று ஆண்டுக் கணக்கும், பதிவுச் சான்றும், கடைசி ஆய்வின் தேதியும் ஒரே பக்கத்தில் வர வேண்டும்.